சுனைக்கு மேல் நாற்பது படி

மெஷின் ஓட ஆரம்பிச்சிருச்சு. கதவைச் சாத்திட்டாங்க, ஆனாலும் சத்தம் வருது, மாவு மில்லு பெல்ட் மாதிரி ஒரே சீரா, அதுக்கு மேல அவ காலடி தொப்பு தொப்புன்னு. இந்திராணி நடக்கிறா. என் கூடப்பிறந்த தங்கச்சி, அம்பத்திரண்டு வயசு, நெஞ்சுல ஒயரை ஒட்டிக்கிட்டு ரப்பர் பெல்ட்டு மேல நின்ன இடத்துலயே நடந்துக்கிட்டிருக்கா. நர்சம்மா கதவைச் சாத்துறதுக்கு முன்னாடி விவரமாச் சொல்லிட்டுத்தான் போச்சு. மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை வேகமும் கூடும், மேடும் கூடும், நல்லா நடந்தாங்கன்னா பன்னெண்டு நிமிஷம் வரைக்கும் விடுவோம், ஏதாவது சரியில்லைன்னா நடுவுலயே நிறுத்திருவோம். நடுவுலயே நிறுத்திருவோம்னு சொன்னாங்கள்ல, அதை மட்டும் நான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். என் மடியில அவ கழட்டிக் கொடுத்த சங்கிலி, ரெண்டு வளையல், கண்ணாடி, செல்போன், எல்லாம் என் கைக்குட்டையில மூட்டையா இருக்கு. எதிர்ல ஒரு பெரியவர் வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குறார். நான் எந்தச் சாமியைக் கும்பிடுறதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன். ஏன்னா நான் கேக்கிறது அப்படிப்பட்டது. மெஷின்ல ஏதாவது தெரியணும். பெருசா ஒண்ணும் வேண்டாம், கோடு கொஞ்சம் கோணலா வந்தாப் போதும், டாக்டர் கண்ணாடியைக் கழட்டிட்டு மலையெல்லாம் வேண்டாம்மா, இந்த மாத்திரையைப் போடுங்கன்னு சொன்னாப் போதும். அண்ணன்காரன் நினைக்கிற நினைப்பா இது? தூ. ஆனா நினைக்கத்தான் செய்யறேன். காலையில ஆட்டோவுல அவ பக்கத்துல உக்காந்து வந்தப்பவும் இதைத்தான் நினைச்சுக்கிட்டு வந்தேன். அவ ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டு, பயமா இருக்குண்ணே, பாஸ் ஆயிருவேனான்னு பத்தாங்கிளாஸ் பரீட்சைக்குப் போற பிள்ளை மாதிரி கேட்டுக்கிட்டு வந்தா.

மூட்டைக்கு அடியில இந்த வருஷத்துப் பேப்பரு, கையால எழுதினது, இன்னும் அடிக்கலை. முதன்முறை மலையேறும் அடியார்களுக்கு. பதினோரு வருஷமா நான்தான் எழுதி, என் ஜெராக்ஸ் கடையிலயே அடிச்சு, பங்குனி பிறந்ததும் எல்லாருக்கும் கொடுக்கிறேன். ஐந்தலை மலைன்னா சும்மா இல்ல, அஞ்சு ஏத்தம், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசு. முதல்ல படிக்கட்டு, ரெண்டாவதுல வேரும் பாறையில வெட்டின படியும், மூணாவது சரளை, நாலாவது காத்து, அஞ்சாவது மொட்டைப் பாறை, அதுக்கு மேலதான் உச்சிநாதர். நாலரை அஞ்சு மணி நேரம் ஆகும். பழக்கமில்லாதவங்களையும் பூ மாதிரிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன்னு எனக்கு ஒரு பேரு. நாப்பது நாளைக்கு முன்னாடியே நடை பழகணும், முதல் வாரம் ரெண்டு கிலோமீட்டர், மூணாவது வாரத்துலேர்ந்து மாடிப்படி, முதுகுல ரெண்டு லிட்டர் தண்ணி. புதுச் செருப்பு போடக்கூடாது, ஆறு மாசம் பழகினதுதான் போடணும். பேரீச்சம்பழம், கடலைமிட்டாய், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணி. வெறும் வயித்துல ஏறாதே, முட்டத் தின்னுட்டும் ஏறாதே. இதெல்லாம் சரி, இதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. ஒன்பதாவது வரிக்கு வந்தா மட்டும் பேனா நிக்குது. ஏறுகிறவர் தூரம் கேட்டால் கணக்குச் சொல்லக் கூடாது, கிட்ட வந்துட்டோம் சாமி என்று மட்டும் சொல்லவும். இது நான் கண்டுபிடிச்சதில்ல, மலையில எல்லாரும் அப்படித்தான். இறங்கி வர்றவனைப் பார்த்து இன்னும் எவ்வளவு தூரம் சாமின்னு கேட்டா, முதல் ஏத்தத்துல நின்னு கேட்டாலும் சரி, இந்தா வந்துருச்சு, கால் மணி நேரம்னுதான் சொல்லுவான். உண்மையைச் சொன்னா ஏறுறவன் மனசு உக்காந்துரும்னு ஒரு நல்ல எண்ணம். நானும் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். அத்தனை பேரும் ஏறிப்போய்க் கும்பிட்டுட்டு இறங்கி வந்தாங்களே, அப்ப அது பொய்யா என்ன? பேப்பரோட கடைசியில கொட்டை எழுத்துல போட்டிருப்பேன், இதுவரை நம் குழுவில் ஒருவர்கூடப் பாதியில் திரும்பியதில்லை. போன வருஷமும் போட்டேன். இந்த வருஷம் அந்த வரியை எடுக்கிறதா வைக்கிறதான்னு தெரியலை. எடுத்தா ஏன் எடுத்தீங்கன்னு எவனாவது கேப்பான். சரியாச் சொல்லணும்னா போன வருஷமும் யாரும் பாதியில திரும்பலை, தூக்கிட்டுத்தான் வந்தோம்.

சத்தம் மாறுது. மேடு கூடிருச்சு போல. மூணு நிமிஷம் ஆயிருச்சா, அதுக்குள்ளயா? காலடி கொஞ்சம் கனமா விழுது, ஆனா தவறாம விழுது. அவ நாப்பது நாளும் நடந்தா. ஒரு நாள் விடலை. காலையில அஞ்சரைக்கு ஸ்கூல் கிரவுண்டுல எட்டு சுத்து, அப்புறம் தண்ணி டேங்க் படியில ஏறி இறங்கறது, முதுகுல பேத்தியோட பழைய ஸ்கூல் பை, அதுக்குள்ள ரெண்டு பாட்டில். நான் எழுதிக் கொடுத்ததுதான், வேணும்னே கொஞ்சம் கடுசாத்தான் எழுதிக் கொடுத்தேன், பத்து நாள்ல கால் வீங்கி விட்டுருவான்னு. விட்டாத்தானே. வேற மலை சொல்லிப் பார்த்தேன். ஏம்மா, ரோடு போட்ட மலைக்குப் போவோம், வேன் நேரா வாசல்ல நிக்கும், உனக்கும் சிரமம் இல்லைன்னேன். அவ என்னைப் பார்த்த பார்வை இருக்கே. அந்த மலைக்குத்தாண்ணே போகணும், அவரு விழுந்த இடத்துல ஒரு சூடம் கொளுத்திட்டு வரணும், நீதான் அந்த இடத்தைக் காட்டணும்னா. சரி பார்ப்போம்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். ஏன்னா அவளுக்கு நான் சொன்ன இடம் வேற, மாப்பிள்ளை விழுந்த இடம் வேற. மாயழகு, என் தங்கச்சி புருஷன், மில்லுல நூல் சுத்துற பிரிவுல சூப்பர்வைசர், சத்தமாப் பேசத் தெரியாத மனுஷன். அவரு உச்சிக்குக் கால் மணி நேரம் இருக்கிறப்ப, கோபுரம் கண்ணுக்குத் தெரியுற இடத்துல, கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே சாஞ்சுட்டார்னு நான்தான் சொன்னேன். அவகிட்டச் சொன்னேன், அவ மககிட்டச் சொன்னேன், கூட வந்த எட்டுப் பேர்கிட்டயும் அதையேதான் சொன்னேன். அவங்க எங்களை விட்டுட்டு முன்னாடியே ஏறிப் போயிட்டாங்க, ரெண்டாவது ஏத்தத்துக்கு மேல சிக்னலும் கிடையாது, மத்தியானம் மூணு மணிக்கு இறங்கி வந்தப்பத்தான் அவங்களுக்கே தெரியும். ஊரே வந்து அழுதுட்டு, சாமி காலடியில போயிட்டாரும்மா, எவனுக்குக் கிடைக்கும் இந்தச் சாவுன்னு சொல்லிட்டுப் போச்சு. சில பொம்பளைங்க பிணத்தோட காலைத் தொட்டுக் கும்பிட்டாங்க. நான் பந்தல் காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

அவரு விழுந்தது ரெண்டாவது ஏத்தத்துல. சுனைக்கு மேல நாப்பது படி. எண்ணியிருக்கேன். அதுக்கப்புறம் மூணு ஏத்தம் முழுசா பாக்கி. இப்ப அவளைக் கூட்டிட்டுப் போனா என்ன ஆகும்? சுனைகிட்ட சுக்குக்காப்பி போடுறவர் இருக்காரு, என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு வருவாரு, உங்க மாப்பிள்ளை இந்தா இங்கதானே சாமின்னு கையைக் காட்டுவாரு. அவருதான் தன்னோட போர்வையை எடுத்து மூடினவரு, மறக்க மாட்டாரு. அவரைக் கீழ கொண்டுவந்த டோலிக்காரங்க நாலு பேரும் அங்கதான் நிப்பாங்க. எத்தனை பேர் வாயை அடைக்கிறது? முன்னாடியே ஒரு நாள் போய்ப் பேசிட்டு வந்துரலாமான்னுகூட நினைச்சேன், கேவலம், காசு கொடுத்து வாயை மூடச் சொல்லப் போறவன் மாதிரி. இல்லைன்னா உண்மையைச் சொல்லிரணும். நேத்துச் சொல்லிரலாம்னு போனேன். தோசை சுட்டுக்கிட்டிருந்தா. உக்காருண்ணேன்னு தட்டு வச்சா. மூணு தோசை தின்னுட்டுத் திரும்பி வந்துட்டேன். இடத்தை மாத்திச் சொன்னதை மட்டும் சொல்லி முடிச்சிரலாம்னா அதுவும் ஆகாது. ஏன் மாத்திச் சொன்னேன்னு கேப்பா. அந்த நூலைப் பிடிச்சு இழுத்தா அடுத்தது வரும். அடுத்தது வந்தா நான் மனுஷன்னு அவ முன்னாடி நிக்க முடியாது.

தாடை வலிக்குதுன்னார். அதுதான் முதல்ல சொன்னது. காலையில பல்லு விளக்குறப்பவே இருந்துச்சு மச்சான், இப்பக் கொஞ்சம் கூட இருக்குன்னு கன்னத்தைத் தடவிக்கிட்டே சொன்னார். தாடை. நெஞ்சுன்னு சொல்லியிருந்தா எனக்கு உறைச்சிருக்கும். குளிர் காத்து மாப்பிள்ளை, துண்டைச் சுத்திக்கங்கன்னேன். சுனை வந்ததும் வேர் மேல உக்காந்துட்டார். சட்டை முதுகு முழுக்க ஈரம். மத்தவங்க வேர்வை மாதிரி இல்ல அது, முகம் வெளுத்து, நெத்தித் திருநீறு கரைஞ்சு மூக்கு வழியா இறங்கிருந்துச்சு. குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சுட்டுக் கீழ வச்சுட்டார். அப்புறம்தான் கேட்டார். அவரு கேக்கிற ஆளே இல்ல, கல்யாண வீட்டுல சாம்பார் வேணும்னுகூடக் கேக்க மாட்டார், இலையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பார். அந்த மனுஷன் என் முகத்தைப் பார்க்காம, கம்பு நுனியால மண்ணைக் கிண்டிக்கிட்டே கேட்டார், “திரும்பிடலாமா மச்சான்?” நான் என்ன சொன்னேன்? கிட்ட வந்துட்டோம் சாமி, கால் மணி நேரம். யோசிச்சுச் சொல்லலை, வாய் தானாச் சொல்லிருச்சுன்னு பத்து மாசமா எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிறேன். அது முழு உண்மையில்ல. சொல்றதுக்கு முன்னாடி ஒரு நொடி இருந்துச்சு. அந்த நொடியில பேப்பரோட கடைசி வரி கண்ணு முன்னாடி வந்துச்சு. ஒருவர்கூடப் பாதியில் திரும்பியதில்லை. சொந்த மாப்பிள்ளையே திரும்பினார்னா, நாளைக்குக் கடைக்கு வர்றவன் எல்லாம் கேப்பானேன்னு தோணுச்சு. அதுக்குத்தான். ஒரு காஞ்ச பேப்பருக்கு. சொல்லிட்டு, தண்ணி பிடிச்சுட்டு வர்றேன், அதுக்குள்ள மூச்சு வாங்கிக்கங்கன்னு சுனைக்குப் போயிட்டேன். வரிசையில நின்னு நாலு பாட்டில் பிடிக்கப் பத்து நிமிஷம் ஆச்சு. திரும்பி வந்தா எந்திரிச்சு நிக்கிறார். கம்பை ஊன்றிக்கிட்டு, சரி மச்சான் போவோம்னு சிரிக்கிறார். பார்த்தீங்களா, கிட்ட வந்துட்டோம்னதும் தெம்பு வந்துருச்சுன்னு நான் முதுகுல தட்டிக் கொடுத்தேன். தட்டினேன் இந்தக் கையால, ஈரம் ஒட்டுச்சு. நாப்பது படி. நாப்பதாவது படியில கம்பு முதல்ல விழுந்துச்சு, உருண்டு வந்து என் கால்ல இடிச்சுச்சு, அப்புறம் அவரு.

மறுபடி சத்தம் மாறிருச்சு. ஆறு நிமிஷமா, ஒன்பதா? வாட்சைப் பார்க்காம விட்டுட்டேன். இப்ப அவ மூச்சே கேக்குது, வாயைத் திறந்து வாங்கறா. நர்சம்மா ஏதோ கேக்குது, வலி இருக்கான்னு கேக்குது போல, இவ இல்லை இல்லைங்கிறா. நல்லா யோசிச்சுச் சொல்லும்மா, இருக்குன்னு சொல்லு, லேசா இருக்குன்னு சொல்லேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இவ மார்புல கட்டின்னு ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சோம், அப்பவும் இப்படித்தான் ஒரு கதவு முன்னாடி உக்காந்திருந்தோம், நானும் மாப்பிள்ளையும். கட்டியை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பி ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் மாப்பிள்ளை சரியாச் சோறு திங்கலை. மொட்டை மாடியில நின்னாலே தலை சுத்துற மனுஷன், புத்துநோய் இல்லைன்னு வந்தா ஐந்தலை மலை ஏறி வர்றேன்னு நேர்ந்துக்கிட்டார். இல்லைன்னு வந்துச்சு. எனக்காக ஏறப்போறாருண்ணே, பத்திரமாக் கூட்டிட்டுப் போயிட்டு வாண்ணேன்னு பஸ் ஸ்டாண்டுல என் கையைப் பிடிச்சுச் சொன்னா. எங்கிட்ட ஒப்படைச்சா. மூச்சு ரொம்ப வாங்கறா. இருக்கட்டும், நிறுத்தச் சொல்லட்டும். இல்ல, வேண்டாம், ஐயோ, நிஜமாவே உள்ள ஏதாவது ஆயிட்டா? இந்தக் கதவுக்குப் பின்னாடி தொப்புன்னு ஒரு சத்தம் கேட்டா நான் என்ன செய்வேன்? பெல்ட்டு ஓடிக்கிட்டே இருக்கும், அவ கீழ கிடப்பா. நான் வேண்டிக்கிட்டது நடந்துருச்சுன்னு யாருகிட்டப் போய்ச் சொல்லுவேன்? உச்சிநாதா, நான் கேட்டதைத் திருப்பி எடுத்துக்கிறேன். அவ நல்லா நடக்கட்டும். நல்லா நடந்து எறங்கட்டும். என் மானம் போனாப் போகுது, சுக்குக்காப்பிக்காரர் சொன்னாச் சொல்லிட்டுப் போகட்டும். இப்படி ஒரு நிமிஷம் நல்லவனா இருந்தேன். அடுத்த நிமிஷமே, கோடு மட்டும் கொஞ்சம் கோணலா வந்தா நல்லதுன்னு மனசு போய் அதே இடத்துல உக்காந்துக்கிச்சு.

நின்னுருச்சு. காலடியும் நின்னுருச்சு. எதிர்ல தூங்கின பெரியவர் முழிச்சுக்கிட்டு என்னைப் பார்க்கிறார். நான் எந்திரிச்சு நின்னுட்டேன், மடியில இருந்த மூட்டை கீழ விழுந்து வளையல் பெஞ்சுக்கு அடியில உருண்டு போச்சு. முட்டி போட்டுத் தேடுறேன். கதவு திறந்தது எனக்கு நர்சம்மாவோட காலாத்தான் தெரிஞ்சுச்சு. சார், நீங்க அவங்களுக்கு யாருன்னு கேட்டுச்சு. தரையில இருந்துக்கிட்டே அண்ணன்னேன். “பன்னெண்டு நிமிஷமும் நடந்துட்டாங்க சார், ஒரு குறையும் இல்லை. நாப்பது வயசுக்காரங்ககூட இப்படி நடக்கிறதில்லை. டாக்டர் கையெழுத்துப் போட்டதும் சர்ட்டிபிகேட் வாங்கிக்கலாம்.” சந்தோஷம் சிஸ்டர்னு சொன்னேன். சொன்னப்ப முகத்தை எப்படி வச்சிருந்தேன்னு தெரியலை, அந்தப் பொண்ணு ஒரு நிமிஷம் நின்னு பார்த்துட்டுத்தான் போச்சு. இந்த வருஷத்துலேர்ந்து அம்பது தாண்டினவங்களுக்குச் சர்ட்டிபிகேட் இருந்தாத்தான் அடிவாரத்துல கேட்டைத் தாண்ட விடுவாங்க. அதுதான் எனக்கு இருந்த கடைசிக் கதவு. இனி ஒண்ணும் இல்லை, வர்ற ஞாயித்துக்கிழமை மலை. நான் இப்ப வாயைத் திறந்தே ஆகணும். வர்றா, சேலைத் தலைப்பால கழுத்தைத் துடைச்சுக்கிட்டு வர்றா, முகம் சிவந்து பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கா. பக்கத்துல உக்காருறா. சொல்லிரு. இங்கயே சொல்லிரு. ஆஸ்பத்திரியா இருக்கு, மயக்கம் போட்டாலும் பார்த்துக்குவாங்க.

இந்திராணின்னு ஆரம்பிச்சேன். அவ கையைத் தூக்கி நிறுத்திட்டா. நான் முதல்ல சொல்லிடுறேண்ணே, பாஸ் ஆனதுக்கப்புறம்தான் சொல்லணும்னு வச்சிருந்தேன்னா. சுவரைப் பார்த்துக்கிட்டே சொன்னா. அன்னைக்குக் காலையில ஏழே முக்காலுக்கு மாப்பிள்ளை அவளுக்குப் போன் பண்ணியிருக்கார். சுனையில உக்காந்திருக்கேன், உங்க அண்ணன் தண்ணி பிடிக்கப் போயிருக்கார், எனக்கு என்னமோ மாதிரி இருக்கு, கீழ எறங்கிரவான்னு இவளைக் கேட்டிருக்கார். அந்தப் பத்து நிமிஷம். அதுல என்ன நடந்துச்சுன்னு நான் பத்து மாசமா யோசிச்சே பார்க்காத பத்து நிமிஷம். என் வார்த்தையிலதான் எந்திரிச்சார்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். “நான் ஏறுங்கன்னு சொல்லிட்டேண்ணே. பாதியில திரும்பினா கட்டி திரும்ப வந்துரும்னு பயந்துட்டேன். எனக்காகக் கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறிடுங்கன்னேன். சரி தாயி, ஏறிடுறேன்னு வச்சுட்டார்.” அழலை. ரொம்ப நாளா மனப்பாடம் பண்ணி வச்சிருந்தது மாதிரி சொன்னா. கட்டி திரும்ப வரும்னு உனக்கு யாரு சொன்னதுன்னு கேட்டேன். நீ அடிச்ச பேப்பர்ல இருந்துச்சுல்லண்ணே, நேர்ந்துகொண்டு ஏறுகிறவர் பாதியில் திரும்பினால் நேர்ந்தது பலிக்காதுன்னு, நான் அதைக் கிழிச்சு பூஜை ரூம்ல ஒட்டியிருந்தேனேன்னா. அந்த வரி கோயில்ல யாரும் சொன்னதில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னாடி முதல் ஏத்தத்துலயே ரெண்டு பேர் திரும்புறேன்னு அடம் பிடிச்சாங்க, அந்த எரிச்சல்ல அடுத்த வருஷம் நானாச் சேர்த்தது. கடையில உக்காந்து, டீ குடிச்சுக்கிட்டே எழுதினேன்.

அவ பேசிக்கிட்டே போறா. சுனையிலேர்ந்து உச்சிக்கு மூணு மலைண்ணே, நீ பேப்பர்ல போட்ட மலைப் படத்துல எண்ணிப் பார்த்தேன், ரெண்டு ரெண்டரை மணி நேரம். அந்த வலியோட அத்தனையும் ஏறியிருக்காரு, நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக. ராத்திரி படுத்தா அவரு ஏறிக்கிட்டே இருக்காரு, நான் பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டே இருக்கேன், நிக்கச் சொல்லிக் கத்துறேன், குரல் வர மாட்டேங்குது. அவரு பட்டதை நானும் பட்டுட்டு வரணும், அதுக்குத்தான் இந்த மலைங்கிறா. நாப்பது படிதாம்மா. அவரு ஏறினது நாப்பது படிதான், மூணு நிமிஷம்கூட ஆகலை, மூணு மலையெல்லாம் இல்லைன்னு சொன்னா இவ இன்னைக்கு ராத்திரியே தூங்குவா. நாக்கு நுனியில நிக்குது. அதைச் சொன்னா அடுத்த கேள்வி வரும். அப்ப ஏண்ணே மாத்திச் சொன்னே? இன்னொண்ணும் இருக்கு, அதையும் மறைக்காமச் சொல்லிடுறேன். அவ சொல்லச் சொல்ல என் நெஞ்சுக்குள்ள பத்து மாசமா உக்காந்திருந்த கல்லு மெல்ல மெல்ல எறங்குது. அப்பாடான்னு இருக்கு எனக்கு. தங்கச்சி பக்கத்துல உக்காந்து உருகிக்கிட்டிருக்கா, எனக்கு மூச்சு லேசா வருது. இப்படியும் ஒருத்தன் இருப்பானா? இருக்கேனே.

அவ என் பக்கம் திரும்பினா. கண்ணு நேராப் பார்த்துச்சு. “ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ணே. நீ தண்ணி பிடிக்கப் போறதுக்கு முன்னாடி, திரும்பிடலாம்னு உங்கிட்ட ஏதாவது கேட்டாரா?”

கவுண்டர்ல யாரோ இவ பேரைக் கூப்பிடறாங்க. சர்ட்டிபிகேட் ரெடியாம். ரெண்டாவது தடவையும் கூப்பிடறாங்க. இவ எந்திரிக்கலை, என் வாயைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா.

“இல்லம்மா”ன்னேன். “எங்கிட்ட ஒண்ணும் கேக்கலை.”

அவ தலையை ஆட்டினா. கூச்சப்பட்டுக்கிட்டு உங்கிட்டக் கேட்டிருக்க மாட்டார்னு எனக்குத் தெரியும்ணே, எங்கிட்ட மட்டும்தான் கேட்டிருக்கார், அப்ப நான்தான் கொன்னுட்டேன்னா. நான் இல்லைன்னு சொல்லலை.